கடித்த கொசுவைக் கொண்டு வருக

"கடிச்ச கொசுவைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொசுத் தடுப்பு வாரியத்தின் புகார்ப் பிரிவில் எழுத்தர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"இல்லீங்களே."

"அப்புறம் எதை வச்சுப் புகார் கொடுக்க வந்தீங்க?"

நான் மூக்குக்கண்ணாடி பழுது பார்ப்பவன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், கம்பி வேலிக்குள், மூடியில்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி. வேலிக் கதவில் எப்போதும் பூட்டு. தொட்டியில் தண்ணீர் தெளிவாகத்தான் கிடக்கும். அந்தத் தெளிவில் ஆயிரக்கணக்கான புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிவதை, நாற்காலி போட்டு மதில்மேல் எட்டிப் பார்த்தால் காணலாம். ஒருமுறை பார்த்தேன். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

என் மகளுக்கு ஆறு வயது. காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தாள். அவளுக்குத் துணையாக என் மனைவி அங்கேயே இருந்தாள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். ஆனா இந்தக் காய்ச்சல்ல நாலு வகை இருக்கு. ஒண்ணு வந்து போன உடம்புல இன்னொண்ணு வந்தா ரொம்ப மோசமாயிடலாம். அதுக்குள்ள வீட்டுப் பக்கத்துல இருக்கற கொசுவுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வழி பண்ணத்தான் வாரியத்துக்கு வந்திருந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை.

எல்லாவற்றையும் எழுத்தரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் விதிகளைச் சொன்னார்.

"கொசு உயிரோட இருக்கணும். பொம்பளைக் கொசுவா இருக்கணும், ஆம்பளைக் கொசு கடிக்காது. வயித்துல ரத்தம் இருக்கணும். ரத்தம் இல்லேன்னா அது கடிச்சதுக்கு என்ன ஆதாரம்? கால், றெக்கை எதுவும் ஒடிஞ்சிருக்கக் கூடாது. மொத்தம் பத்து கொசு. பத்துக்குக் கம்மின்னா அது தொல்லை கிடையாது, வருகை."

"என் பொண்ணைக் கடிச்சது போன வாரம் சார். அது இப்ப எங்க இருக்கோ."

"அதைக் கேட்டா நான் என்ன சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் பட்டென்று ஓர் அடி அடித்துக்கொண்டார். உள்ளங்கையைப் பார்த்தார். அதில் இருந்ததைக் கோப்பின் ஓரத்தில் தேய்த்தார். அந்தக் கோப்பின் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடுகள். பின்னால் அலமாரியில் இருந்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் அதே ஓரம். முதலில் அதை ஏதோ அலுவலக அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனேன். லென்ஸ் துடைக்கும் திரவம் வரும் சின்னச் சின்னப் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தேன். வாய்க்கு மெல்லிய துணி கட்டினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பக்கச்சுவர் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கொசு பிடிக்கிறேன்."

"எல்லாரும் அடிப்பாங்க. நீங்க எதுக்குப் பிடிக்கிறீங்க?"

சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. என் மகளும் அந்தக் குழந்தையும் நாள் முழுக்கத் தொட்டி மதிலடியில்தான் சொப்பு வைத்து விளையாடுவார்கள். அது நினைவுக்கு வந்ததோ என்னமோ, சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு கஜம் மெல்லிய துணி கிழித்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் மதிலடியில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தேன். தொழிலுக்குப் பயன்படும் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டேன். மாட்டியிருக்க வேண்டாம். காலில் வெள்ளை வளையம் போட்ட ஒருத்தி வந்து முன்கையில் உட்கார்ந்தாள். அவசரப்படவில்லை. இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்தாள், வாழைப்பழக் கடையில் பழத்தை அமுக்கிப் பார்ப்பது போல. பிறகு ஓர் இடம் பிடித்து உள்ளே இறக்கினாள். வலிக்கவில்லை. அதுதான் குமட்டியது. என் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. சாம்பல் நிற வயிறு மெல்லச் சிவந்து, உப்பி, தோல் விறைத்துக் கண்ணாடி போல ஆனது. உள்ளே இருப்பது நான். இனிமேல் இடமில்லை என்று வயிறே சொன்ன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பின்பக்கத்திலிருந்து தெளிவாக ஒரு சொட்டு வந்து என் கையில் விழுந்தது. துடைக்கக் கூடாது, அசைந்தால் பறந்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டிலைக் கவிழ்த்தேன்.

இப்படிப் பத்து. ஒன்றின் கால்கூட ஒடியவில்லை. கண்ணாடிச் சட்டத்தின் பொடி திருகாணியை இருபது வருஷமாகக் கையாண்ட விரல்கள். அந்த விரல்களே எனக்கு வினையாக முடியும் என்று அப்போது தெரியாது.

எழுத்தர் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார். "மாடியில நிபுணர் ஐயாவைப் பாருங்க" என்றார்.

மாடிப்படி ஏறும்போதே நாற்றம். ஈரமும் வேர்வையும் பழைய காலுறையும் கலந்த நாற்றம். கலந்தது என்று சொல்வது தவறு, காலுறைகளே அங்கே இருந்தன. நடைவழி நெடுகக் கொடி கட்டி, துவைக்காத காலுறைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: எந்தப் பிரிவு, எத்தனை நாள் அணிந்தது. கொசுவுக்குக் கால் நாற்றம் பிடிக்குமாம். ஊழியர்கள் வாரத்துக்கு ஒரு ஜோடி ஒப்படைக்க வேண்டும். துவைத்து ஒப்படைத்த ஒருவருக்குப் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று வழிகாட்டிய கடைநிலை ஊழியர் சொன்னார்.

நிபுணரின் அறையில் வலைக் கூண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கூண்டின் துணி வாய்க்குள்ளும் ஒரு மனிதக் கை போயிருந்தது. கைக்குச் சொந்தக்காரர்கள் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கையில் தோல் தெரியவில்லை. ஒருவர் பக்கம் புரட்டுவதற்காகக் கையை வெளியே எடுத்தார். கை வீங்கி, புள்ளி புள்ளியாகச் சிவந்து, ஈரமாக மின்னியது. நிபுணர் அவரை முறைத்தார். "சாப்பிடும்போது எழுப்பக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டார்.

"இதெல்லாம் எதுக்கு வளர்க்கறீங்க?" என்று கேட்டேன்.

"மருந்து சோதிக்க. புது மருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்னா ஆரோக்கியமான கொசு வேணும். ஆரோக்கியமா இருக்கணும்னா மனுஷ ரத்தம் வேணும்."

"சோதிச்சீங்களா?"

"பதினோரு வருஷமா வளர்க்கறோம். இவ்வளவு நல்லா வளர்த்ததை மருந்தடிச்சுக் கொல்றதுக்கு யாருக்கு மனசு வரும்?" என்றவர், என் பாட்டில்களைக் கையில் எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண் கலங்கியது என்றால் நம்ப மாட்டீர்கள், கலங்கியது.

"பாருங்க, பாருங்க. இதுக்கு மூக்கு ஒரே ஊசின்னு நினைப்பீங்க. உள்ள ஆறு இருக்கு. தோலை அறுக்க ரெண்டு ரம்பம். அறுத்ததை விலக்கிப் பிடிக்க ரெண்டு. எச்சில் விட ஒண்ணு. உறிஞ்ச ஒண்ணு. எச்சில் எதுக்கு? ரத்தம் உறையக் கூடாது. உங்களுக்கு அரிப்பு எடுக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். தன் எடையைப் போல ரெண்டு மடங்கு குடிக்கும். கனம் ஜாஸ்தியானா தண்ணியைப் பின்பக்கமா விட்டுட்டுச் சத்தை மட்டும் வச்சுக்கும்."

"பார்த்தேன். என் கைமேலதான் விட்டுச்சு."

"வேற எங்க விடும்?" என்றார். "அப்புறம் ஏதாவது சுவத்துல போய் ரெண்டு நாள் அசையாம உக்காந்துக்கும். ஒரே வேலை, செரிக்கறது. இந்த வாரியத்துல இருபத்தாறு வருஷமா இருக்கேன். இவ்வளவு ஒழுங்கான நிர்வாகத்தை நான் எங்கயும் பார்த்ததில்லை. எங்களுக்கு இது ஒரு பாடம் சார்."

"ஐயா, அந்தத் தொட்டி..."

"எங்க தொட்டிதான். இதுங்களோட தாய்வீடே அதுதான். மூடணும்னு யார் சொன்னது?"

நான்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. இருந்தாலும் விதி விதிதான் என்று, தெருவில் ஆய்வு நடத்த உத்தரவு போட்டுக் கொடுத்தார்.

சாயந்திரம் மருத்துவமனையில் என் மனைவி, "தொட்டியை மூடிட்டாங்களா?" என்று கேட்டாள். நாளைக்கு வருகிறார்கள் என்றேன். மகள் கொசுவலைக்குள் இருந்தபடியே என் கையில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து, "அப்பா, உனக்கு அம்மையா?" என்றாள்.

வியாழக்கிழமை ஆய்வுக் குழு வந்தது. ஐந்து பேர். ஒருவர் உட்கார, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் குடை பிடிக்க. உட்காருபவர் முழங்கால் வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு தொட்டி வேலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்தார். அவர் காலில் வந்து உட்காரும் கொசுக்களை எண்ணுவதுதான் ஆய்வு. நேரம், பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று.

"அந்த வெயில்ல கொசு வராதுங்க. காலையிலயும் சாயந்திரமும்தான் கடிக்குது" என்றேன்.

"அலுவலக நேரம்னு ஒண்ணு இருக்கே" என்றார் நேரம் பார்ப்பவர்.

பிறகு உட்காருபவர் ஒரு குப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து இரண்டு காலிலும் வழிய வழியப் பூசினார். தெருவே மூக்கைப் பிடித்தது.

"அது என்னங்க?"

"கொசு வராம இருக்க. ஊழியரைக் கொசு கடிச்சா யார் பதில் சொல்றது? பாதுகாப்பு விதி."

ஒரு மணி நேரம் ஐந்து பேரும் அந்தக் கால்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டு ஈ வந்தது. அவற்றைச் சேர்க்கவில்லை. ஒரு மணிக்கு எழுதுபவர் பூஜ்யம் என்று எழுதி, அதை வட்டமிட்டு, அதற்கும் கையெழுத்து வாங்கினார். குடை பிடித்தவர் பையிலிருந்து ஒரு தகரப் பலகை எடுத்து என் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தார். "இது கொசு இல்லாத தெரு" என்று எழுதியிருந்தது. அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள், பலகையின் நிழலில் வயிறு சிவந்த ஒருத்தி வந்து உட்கார்ந்து செரிக்கத் தொடங்கினாள்.

தையல்காரம்மா பலகையைப் படித்துவிட்டு, "என்னண்ணே, நீங்க நம்மளுக்காகப் போய்ப் பேசப் போறதாச் சொன்னீங்க" என்றாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தை காலைச் சொறிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தலைவரையே பார்த்துவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். என்னை நம்பினாள்.

வெள்ளிக்கிழமை தலைவரைப் பார்த்தேன். அவர் அறைக்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். இடையில் நிற்கவைத்து ஒருவர் உடம்பெல்லாம் துடைப்பத்தால் தட்டிவிட்டார். உள்ளே ஜன்னலுக்கு இரட்டை வலை. நாலு நாளில் முதல் தடவையாக என் காதருகே ஒன்றும் பாடவில்லை. அந்த அமைதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்த அறையில மட்டும் கொசு இல்லீங்களே ஐயா" என்றேன்.

"இருக்கக் கூடாது. நான் அதைப் பத்தி யோசிக்கணும் இல்லையா?" என்றார் தலைவர். பாட்டில்கள் பத்தும் அவர் மேசையில் வரிசையாக இருந்தன. "முன்னாடி இது ஒழிப்பு வாரியம். தடுப்பு வாரியம்னு பேரை மாத்தினது நான்தான். ஒழிக்கறதுங்கறது ஒரு நாள் வேலை. அந்தத் தொட்டியை மூடினா உங்க தெரு அன்னைக்கே சரியாயிடும், நான் இல்லேன்னு சொல்லலை. மறுநாள்? முந்நூறு குடும்பம் இங்க சாப்பிடுது. அதுங்க கடிக்கறதாலதான் ஜனங்க எங்களைத் தேடி வர்றாங்க. எங்களைத் தேடி வர்ற ஜனங்களை நாங்க கைவிட முடியுமா?"

எந்த வாக்கியத்தில் கோளாறு என்று பிடிபடவில்லை.

"நாளைக்கு என் பொண்ணு வீட்டுக்கு வர்றா ஐயா. மறுபடி கடிச்சா தாங்க மாட்டா."

"அதைத்தான் பேசப்போறேன்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "வாரிய வரலாற்றுல கால் ஒடியாத பத்து கொசுவை யாரும் கொண்டு வந்தது இல்லை. ரத்தமும் நல்ல ரத்தம்னு நிபுணர் எழுதியிருக்கார். சேகரிப்பு அலுவலர் பதவி காலியா இருக்கு. தொட்டிப் பொறுப்பு உங்களுக்கு. தினம் காலையில ஏழு மணிக்குக் கூண்டுல அரை மணி நேரம் கை விடணும். மத்த நேரம் புகார்ப் பிரிவுல உதவி. குடியிருப்பு இந்தக் கட்டடத்திலேயே, மூணாவது மாடி. இதே மாதிரி ரெட்டைக் கதவு, ரெட்டை வலை. உங்க பொண்ணு அங்க ராணி மாதிரி இருக்கலாம்."

"தொட்டி?"

"தொட்டி இல்லேன்னா சேகரிப்பு ஏது? சேகரிப்பு இல்லேன்னா அலுவலர் ஏது? அலுவலர் இல்லேன்னா குடியிருப்பு ஏது?" என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். "யோசிச்சுச் சொல்லுங்க. சனிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கு."

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். தையல்காரம்மாவின் குழந்தையைக்கூட நினைத்தேன். பிறகு வலைக்குள் கிடக்கும் என் மகளை நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். என் பழைய புகார், புகார்தாரரே அலுவலர் ஆகிவிட்டதால் முடித்து வைக்கப்பட்டது. முடித்து வைத்தவர் கையெழுத்தும் நான்தான் போட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மகளை நேராக மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் கதவு சாத்தியது, இரண்டாவது திறந்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள். மனைவி ஜன்னல் வலையைத் தடவிப் பார்த்தாள், என் இடுப்பில் தொங்கிய தொட்டிச் சாவியைப் பார்த்தாள். "தொட்டியை மூடிட்டாங்களா?" என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே பாயை விரித்தாள்.

அதற்குப் பிறகு என் கை தினமும் ஏழு மணிக்குக் கூண்டுக்குள் போய்விடும். ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது பேப்பர் படிக்கிறேன். சோற்றைப் பிசையும்போது மட்டும் இந்தக் கை கொஞ்சம் அருவருப்பாக இருக்கிறது. மகள் தேறிவிட்டாள், கன்னத்தில் சதை வைத்துவிட்டது. "நம்ம வீட்டுக்கு எப்போப்பா போவோம்? அவகூட விளையாடணும்" என்று அவ்வப்போது கேட்பாள். சீக்கிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இருபதாவது நாள், எழுத்தர் விடுப்பில் இருந்ததால் புகார்ப் பிரிவில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். தையல்காரம்மா வந்தாள். கதவைத் திறந்து பிடித்தவள், என்னை அந்த நாற்காலியில் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தலை வாரவில்லை. மருத்துவமனைச் சீட்டு கையில் கசங்கியிருந்தது.

"அண்ணே, நல்லவேளை நீங்க இருக்கீங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல். உங்க பொண்ணுக்கு வந்த அதே காய்ச்சல். சேர்த்திருக்கோம். அந்தத் தொட்டியை மூடச் சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததில்லை. சாவி இடுப்பில் குத்தியது. பழைய தெருவரை நடந்தால் தொட்டி. ஒரு கேன் மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும். ஊற்றினால் நாளைக்குச் சேகரிப்பு இல்லை, அலுவலர் இல்லை, மூன்றாவது மாடி இல்லை.

அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை அவிழ்த்து மேசையில் வைத்தாள். "நீங்க அன்னைக்கு என்னவோ பிடிச்சீங்களே, அதனால நானும் கொண்டு வந்தேன்." உள்ளே ஒரே ஒரு கொசு. நசுங்கியிருந்தது. அதைச் சுற்றிக் காகிதத்தில் காய்ந்த ரத்தம், குழந்தையின் சின்ன விரல் நகம் அளவுக்கு.

"இது செல்லாதும்மா" என்றது ஒரு குரல். என் குரல்தான். "உயிரோட இருக்கணும். பத்து வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நெருக்கமாக இருந்த சிவப்புப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டாள். திரும்பிப் போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. மாடியில் என் மகள் இருக்கிறாள்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா," என்று கத்தினேன், "கொசு வருது."